மண்ணீரலை எடுத்தால் ஒன்றும் ஆகாதா?

கறிக்கடையில சுவரொட்டி கேட்டு வாங்கியிருக்கீங்களா? ஆட்டோட மண்ணீரல்தான் அது. செவத்துல தூக்கிப் போட்டா ஒட்டிக்கும், அதான் அந்தப் பேருன்னு எங்க அப்பத்தா சொல்லும். ரத்தம் கம்மியா இருக்கிற புள்ளைங்களுக்கு நெருப்புல வாட்டிக் குடுப்பாங்க. எனக்கும் நிறைய குடுத்திருக்காங்க. அதே சாமான் நம்ம வயித்துக்குள்ளயும் இடது பக்கம் விலாவுக்கு அடியில ஒண்ணு இருக்குங்கிறதைக் காலேஜ் மூணாவது வருஷம் வரைக்கும் நான் நினைச்சுக்கூடப் பார்த்ததில்லை.

அந்த வருஷம்தான் என் ரூம்மேட் பைக்ல இருந்து விழுந்தான். ஹேண்டில்பார் விலாவுக்குக் கீழ குத்தி மண்ணீரல் கிழிஞ்சு, வயிறு பூரா ரத்தம். ராத்திரியோட ராத்திரியா ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. அன்னைக்கு எடுக்கலைன்னா அவன் இன்னைக்கு இல்லை. அதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவங்கப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அது இல்லாம இருந்தா பின்னால எதுவும் ஆயிடாதுங்களே?" டாக்டர் தோள்ல தட்டி, "ஒண்ணும் ஆகாது. அது இல்லாமலே நல்லா இருக்கலாம்"னு அனுப்பி வெச்சார்.

எட்டு வருஷம் ஓடிப்போச்சு. போன மாசம் போன் பண்ணினான். "மாப்ள, ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குதுடா." "தொப்பைடா டேய்"னு சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அப்புறம் போற போக்குல ஒரு கேள்வி போட்டான். "மண்ணீரல் இல்லாததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா? நீதான் எதையாவது தேடிப் படிச்சுட்டே இருப்பியே, பாரேன்."

தேடினேன். மூணு வாரமா தூக்கம் போச்சு. சம்பந்தம் இருக்கு மக்களே. ஆனா அதைவிட என்னை ஆச்சரியப்படுத்தினது வேற. "ஒண்ணும் ஆகாது"ங்கிற அந்த ஒத்தை வரிக்கு ஏறத்தாழ ரெண்டாயிரம் வருஷ வரலாறு இருக்கு. அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

மர்ம உறுப்பு

பழைய கிரேக்க, ரோமானிய வைத்தியத்துல உடம்பை ஆள்றது நாலு திரவங்கள். அதுல ஒண்ணு கரும்பித்தம். அதை உறிஞ்சிச் சுத்தம் பண்றது மண்ணீரலோட வேலைன்னு நம்பினாங்க. கரும்பித்தம் கூடிப்போனா மனுஷன் சோகத்துல விழுந்துடுவானாம். இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் இதை மர்மம் நிறைஞ்ச உறுப்புன்னு சொன்னதா இன்னைக்கும் மருத்துவப் புத்தகங்கள்ல எழுதறாங்க.

அவருக்கு முன்னாடியே, முதல் நூற்றாண்டுல, ரோமானிய எழுத்தாளர் பிளினி மண்ணீரல் பத்தி எழுதியிருக்கார். ஓட்டக்காரங்களுக்கு அது இடைஞ்சல், அதனால சூடு போட்டுச் சுருக்கறது உண்டுன்னு ஒரு சேதி. காயம் வழியா அதை எடுத்துட்டாலும் பிராணிகள் உயிரோட இருக்கும்னு இன்னொரு சேதி. நான் பார்த்த வரைக்கும் "எடுத்தா ஒண்ணும் ஆகாது"வோட முதல் பதிப்பு இதுதான்.

மனுஷ வயித்தைத் திறந்து முறையா எடுக்கற துணிச்சல் வர்றதுக்கு 19ஆம் நூற்றாண்டு ஆச்சு. 1826ல் ஜெர்மனியின் ராஸ்டாக் நகரத்துல குவிட்டன்பாம் ஒரு பெண்ணுக்கு எடுத்தார். சில மணி நேரத்துல அவங்க இறந்துட்டாங்க. 1867ல் பாரிஸ்ல பெயான் எடுத்தப்ப நோயாளி பிழைச்சாங்க. 1887ல் இங்கிலாந்துல ஸ்பென்சர் வெல்ஸ் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பைக் கட்டின்னு நினைச்சு வயித்தைத் திறந்தார். பார்த்தா வீங்கின மண்ணீரல். எடுத்துட்டார். சின்ன வயசுல இருந்து அவங்களுக்கு வந்து வந்து போன மஞ்சள் காமாலை அதோட நின்னுடுச்சு. அவங்களுக்கு இருந்தது சிவப்பணுக்கள் உருண்டையாகிச் சீக்கிரம் உடையற பரம்பரை ரத்த நோய்னு தெரிஞ்சதே ஏறக்குறைய நாற்பது வருஷம் கழிச்சுத்தான். அப்பவும் அவங்க உயிரோட இருந்தாங்க. 1893ல் பிரெஸ்லாவ் நகரத்துல ரீக்னர், கீழே விழுந்து மண்ணீரல் கிழிஞ்ச ஒரு பையனுக்கு அதை எடுத்துக் காப்பாத்தினார். என் ரூம்மேட்டோட கதைக்கு முன்னோடி அந்தப் பையன்தான்.

ஆக, எடுத்தாங்க, பிழைச்சாங்க. அப்புறம் என்ன?

கோச்சருக்குத் தெரிஞ்சிருக்கணும்

இங்கதான் எனக்குப் பிடிச்ச, என்னைக் கடுப்பேத்தின ஆள் வர்றார். தியோடர் கோச்சர், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர், 1909ல் நோபல் பரிசு வாங்கினவர். தன்னோட அறுவை சிகிச்சைப் பாடநூல்ல, மண்ணீரல் அடிபட்டா எடுத்துடணும், எடுத்தா ரத்தப்போக்கு ஆபத்து நிக்கும், கெட்ட விளைவு எதுவும் கிடையாதுங்கிற அர்த்தத்துல எழுதினார். 1911 பதிப்புல இருக்கிற இந்தக் கருத்தைத்தான் பின்னால வந்தவங்க திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டறாங்க.

இதுல என்ன கடுப்புன்னா, இவருக்கு நோபல் பரிசு வாங்கிக் குடுத்தது தைராய்டு. கழுத்துக் கழலைக்கு முழுத் தைராய்டையும் எடுக்கறதுல கை தேர்ந்தவர். நோயாளிங்க பிழைச்சாங்க, வீட்டுக்குப் போனாங்க, எல்லாம் சுபம். 1882ல் ஜெனீவாவின் ரெவெர்டின், "எடுத்தவங்களுக்குப் பின்னால என்னமோ ஆகுது"ன்னு அவர்கிட்ட சொன்னார். கோச்சர் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைச்சுப் பார்த்தார். முகம் உப்பி, புத்தி மந்தமாகி, சின்னப் பசங்க வளராமலே நின்னு போயிருந்தாங்க. 1883ல் அதை ஒளிக்காம அறிவிச்சார். முழுசா எடுக்கறதை நிறுத்தினார். எவ்வளவு பெரிய மனசு வேணும் அதுக்கு!

ஆனா அதே மனுஷன் மண்ணீரல் விஷயத்துல "கெட்ட விளைவு இல்லை"ன்னு எழுதிட்டார். தைராய்டு மாசக் கணக்குல, சில வருஷத்துல கணக்குத் தீர்த்துடும். மண்ணீரலுக்கு அவசரமே கிடையாது. பத்து வருஷம், இருபது வருஷம், முப்பது வருஷம்கூடக் காத்திருக்கும். அவ்வளவு காலம் யாரும் திரும்பிப் பார்க்கலை.

கார்பேஜ் கலெக்டர்

சரி, அது என்னதான் பண்ணுது? நம்ம பாஷையில சொன்னா அது ஒரு கார்பேஜ் கலெக்டர். சுமார் 150 கிராம் எடை. உள்ளே ரத்தம் போற வழியில ஏறக்குறைய ஒரு மைக்ரான் அகலத்துக்குச் சந்துகள். சிவப்பணுவோட குறுக்களவு ஏழெட்டு மைக்ரான். இளசா, வளைஞ்சு குடுக்கற அணு நெளிஞ்சு பிதுங்கி வெளிய வந்துடும். 120 நாள் ஓடிக் களைச்சு விறைச்சுப் போனது மாட்டிக்கும், அங்கயே கதை முடிஞ்சுது. அணுவுக்குள்ள குப்பை ஏதாவது இருந்தா, பழத்துல கொட்டையை மட்டும் எடுக்கற மாதிரி அதை மட்டும் பிடுங்கிட்டு அணுவை வெளிய விட்டுடும். போதாததுக்கு, உடம்புல இருக்கிற ரத்தத் தட்டணுக்கள்ல மூணுல ஒரு பங்கு அங்கதான் தங்கியிருக்கும்.

மண்ணீரல் இல்லாதவங்க ரத்தத்தை மைக்ராஸ்கோப்ல பார்த்தா அந்த எடுக்காத குப்பை, சிவப்பணுக்குள்ள ஒரு கரும்புள்ளியா தெரியும். அமெரிக்காவின் வில்லியம் ஹோவெல் 1890லயும், பிரான்சின் ஜஸ்டின் ஜாலி 1905லயும் விவரிச்சதால அதுக்கு ஹோவெல்-ஜாலி துகள்னு பேரு. இதே ஹோவெல்தான் பின்னால, 1918ல், ரத்தம் உறையாம தடுக்கற ஹெப்பாரினுக்குப் பேர் வெச்சவர். மண்ணீரல் இல்லாத ரத்தத்துக்கும் ரத்தம் உறையறதுக்கும் ஒரு முடிச்சு இருக்குன்னு அன்னைக்கு அவருக்கே தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை.

முதல் விரிசல்: கிருமி

1916ல் பிராகா நகரத்துல காஸ்னல்சன்னு ஒரு மருத்துவ மாணவன், தட்டணுக்கள் குறைஞ்சு ரத்தம் கசியற நோய்க்கு மண்ணீரலை எடுத்துப் பாருங்கன்னு பேராசிரியர்கிட்ட சொன்னான். எடுத்தாங்க, பலிச்சுது. அதுக்கப்புறம் அடிபட்டாலும் எடுக்கலாம், ரத்த நோய்க்கும் எடுக்கலாம்னு ஆகிப்போச்சு.

1919ல் மோரிஸும் புல்லக்கும் எலிகளுக்கு மண்ணீரலை எடுத்துட்டுக் கிருமியைக் குடுத்துப் பார்த்தாங்க. எடுத்த எலிகள் அதிகமா செத்துச்சு. மனுஷங்களுக்கும் இப்படி ஆகலாம்னு எச்சரிச்சாங்க. யாரும் பெருசா காதுல போட்டுக்கலை.

1952ல் அமெரிக்காவின் இண்டியானாவில் கிங், ஷூமேக்கர்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை போட்டாங்க. பிறந்து ஆறு மாசத்துக்குள்ள மண்ணீரல் எடுக்கப்பட்ட அஞ்சு குழந்தைகள். அஞ்சு பேருக்கும் பின்னால கடுமையான கிருமித் தொற்று. ரெண்டு குழந்தைங்க இறந்துட்டாங்க. அப்பதான் உலகம் விழிச்சுக்கிச்சு. இன்னைக்கு மண்ணீரல் எடுத்தவங்களுக்கு நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் மாதிரி கிருமிகளுக்குத் தடுப்பூசி போடறதும், காய்ச்சல் வந்தா உடனே ஓடி வாங்கன்னு சொல்றதும் அந்த அஞ்சு குழந்தைகளால வந்தது.

எட்டு வருஷத்துல என் ரூம்மேட் ஒரு தடுப்பூசிகூடப் போட்டதில்லை. யாரும் அவன்கிட்ட சொல்லலை. இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு அவனை எழுப்பிக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

இரண்டாம் விரிசல்: நுரையீரல்

கிருமிக் கதை தெரிஞ்சதும், "சரி, அது ஒண்ணுதான் பிரச்சனை, ஊசி போட்டாச்சு, முடிஞ்சுது"ன்னு எல்லாரும் நினைச்சாங்க. முடியலை.

1977ல் ராபினெட், ஃப்ராமெனி ரெண்டு பேரும் லான்செட் இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. இரண்டாம் உலகப்போர்ல அடிபட்டு மண்ணீரல் எடுக்கப்பட்ட 740 அமெரிக்க வீரர்கள். முப்பது வருஷம் கழிச்சு யார் யார் எதனால இறந்தாங்கன்னு பார்த்தா, நிமோனியா சாவு அதிகம். அது எதிர்பார்த்ததுதான். கூடவே, இதயத்துக்கு ரத்தம் போறது அடைபட்டு வந்த சாவும் அதிகம். அதை யாரும் எதிர்பார்க்கலை. கிருமிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

1980ல் தாய்லாந்துல இருந்து ஒரு துப்பு வந்துச்சு. அங்க தலசீமியா அதிகம், அதுக்கு மண்ணீரல் எடுக்கறதும் அதிகம். சோனகுல், ஃபூச்சரோன், வாசி உள்ளிட்ட பாங்காக் மருத்துவர்கள், இறந்துபோன தலசீமியா நோயாளிகளோட நுரையீரலைப் பிரேதப் பரிசோதனையில பார்த்தாங்க. நுரையீரல் தமனிகள்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருந்தது, முக்கியமா மண்ணீரல் எடுத்தவங்ககிட்ட. இந்தச் சேதி ஒரு தென்கிழக்காசிய மருத்துவ இதழ்ல வந்துச்சு. மேற்கத்திய நாடுகள்ல இதே கேள்வி பெரிசா எழும்ப இன்னும் பத்தொன்பது வருஷம் ஆச்சு.

1999, ஜெர்மனியின் ஹனோவர். ஹோப்பரும் கூட இருந்தவங்களும் நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் வந்த நோயாளிகளைப் பார்த்துட்டிருந்தாங்க. காரணம் தெரியாதுன்னு முத்திரை குத்தின 61 பேர். அவங்க பழைய சரித்திரத்தைப் புரட்டினா, ஏழு பேருக்கு மண்ணீரல் இல்லை! 11.5 சதவீதம். நுரையீரல் மாற்று சிகிச்சைக்காக வந்த மத்த நுரையீரல் நோயாளிகள்ல ஒருத்தருக்குக்கூட அப்படி இல்லை. இவங்களுக்கு மண்ணீரலை எடுத்தது பல வருஷத்துக்கு முன்னாடி. கட்டுரையோட தலைப்பைக் கேள்விக்குறியோட முடிச்சிருந்தாங்க. அடக்கமான மனுஷங்க.

2005ல் பாரிஸ் பக்கத்துல ஜாயிஸ் குழு இன்னும் நெருங்கிப் போச்சு. நுரையீரலுக்குப் போன ரத்தக்கட்டி கரையாம தழும்பாகி வழியை அடைக்கற வகை நோயாளிகள் 257 பேர். அதுல 8.5 சதவீதம் பேர் மண்ணீரல் எடுத்தவங்க. காரணம் தெரியாத உயர் அழுத்தக்காரங்கள்ல 2.5 சதவீதம். மத்த நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள்ல ஒரு சதவீதத்துக்கும் கம்மி. 2014ல் மண்ணீரல் எடுத்த, புற்றுநோய் இல்லாத 8,149 அமெரிக்க முன்னாள் படைவீரர்களை 27 வருஷம் வரைக்கும் பின்தொடர்ந்த ஆய்வு வந்துச்சு. நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைக்கற ஆபத்து மத்தவங்களைவிட ரெண்டு மடங்குக்கும் மேல.

இத்தனை வருஷம் ஏன் தெரியலைன்னு யோசிச்சுப் பாருங்க. மண்ணீரலை எடுத்தவர் ஒரு அறுவை மருத்துவர். இருபது வருஷம் கழிச்சு மூச்சு வாங்குதுன்னு நோயாளி போறது வேற ஊர்ல, வேற ஒரு நுரையீரல் மருத்துவர்கிட்ட. வயித்துல இருக்கிற பழைய தழும்பைப் பத்தி அவர் கேட்க மாட்டார், இவரும் சொல்ல மாட்டார். எடுத்த இடத்துல நின்னு முன்னோக்கிப் பார்த்த எல்லாருக்கும் ஒண்ணும் தெரியலை. ஹனோவர்ல நுரையீரல் பக்கம் நின்னு பின்னோக்கிப் பார்த்தாங்க, தெரிஞ்சுது. புரொடக்‌ஷன்ல கோளாறு வந்தா நாமளும் பின்னோக்கித்தானே போறோம்?

எப்படி நடக்குது?

மண்ணீரல் போனதும் தட்டணுக்களோட எண்ணிக்கை ஏறும். அது ஒரு காரணம், ஆனா முழுக் காரணம் இல்லை. கிழட்டு, சேதப்பட்ட சிவப்பணுக்களை வடிகட்ட ஆள் இல்லைங்கிறது பெரிய காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. நல்ல அணுவோட சவ்வுல உள்பக்கமா இருக்கிற பாஸ்பாட்டிடைல்சீரின்னு ஒரு கொழுப்பு, அணு சேதமானா வெளிப்பக்கம் திரும்பிடும். ரத்தம் உறையறதுக்கு அது தோதான மேடை. இந்த மாதிரி அணுக்களும், அணுக்கள்ல இருந்து உதிர்ந்த துணுக்குகளும் வருஷக் கணக்கா சுத்திட்டே இருக்கும். தலசீமியா மாதிரி அணுக்கள் ஏற்கெனவே உடைஞ்சுட்டிருக்கிற நோய்னா கேட்கவே வேண்டாம். மெமரி லீக் மாதிரின்னு வெச்சுக்குங்க. முதல் நாள் எதுவும் தெரியாது.

உடம்பு ரத்தமெல்லாம் இதயத்தோட வலது பக்கம் வந்து அடுத்து நுழையற சல்லடை நுரையீரல்தான். அங்க சராசரி அழுத்தம் சுமார் 14 மில்லிமீட்டர் பாதரசம்தான். கையில பட்டை கட்டிப் பார்க்கற பிரஷரோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி. கிளை கிளையா அடைபட்டா அது ஏறும். 20ஐத் தாண்டினாலே உயர் அழுத்தம்னு 2018ல் கூடின உலக மாநாட்டு நிபுணர்கள் வரையறுத்தாங்க. குறைஞ்ச அழுத்தத்துக்குன்னே பழகின மெல்லிசான வலது இதயம் முக்கி முக்கித் தள்ளி ஒரு நாள் ஓய்ஞ்சு போகும். முதல் அறிகுறி என்ன தெரியுமா? மாடி ஏறினா மூச்சு வாங்கறது.

வழி இருக்கு

பெரிய கிளைகள்ல அடைப்பு இருந்தா ஆபரேஷன் பண்ணி அந்தத் தழும்பை உரிச்சு எடுக்கலாம். கலிபோர்னியாவின் சான் டியாகோ பல்கலைக்கழகம் இதுல பேர் போனது. உடம்பைச் சுமார் 20 டிகிரிக்குக் குளிர வெச்சு, ரத்த ஓட்டத்தையே இருபது இருபது நிமிஷமா நிறுத்திப் பண்ற ஆபரேஷன். சின்னக் கிளைகளா இருந்தா, ஜப்பானிய மருத்துவர்கள் மெருகேத்தின பலூன் சிகிச்சை இருக்கு. 2013ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்ச ரியோசிகுவாட் மாத்திரையும் இருக்கு. ஆனா எல்லாத்துக்கும் முதல்ல, இது இன்ன நோய்னு யாராவது சந்தேகப்படணும்.

அதைவிட நல்ல வழி, முடிஞ்சா மண்ணீரலை எடுக்காமலே விடறது. இதுல நம்மூர் ஆள் ஒருத்தருக்குப் பெரிய பங்கு. டெல்லி எய்ம்ஸ் குழந்தைகள் அறுவை மருத்துவர் உபாத்யாயா. 1968ல் டொராண்டோவின் சிம்சனோட சேர்ந்து, மண்ணீரல் அடிபட்ட குழந்தைகளைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். கிழிஞ்ச மண்ணீரல் தானா ஆறாதுன்னு உலகமே நம்பின காலம் அது. அதே வருஷம் குரங்குகள்ல சோதிச்ச முடிவுகளையும் வெளியிட்டார். காயம் ஆறுது! இன்னைக்கு அடிபட்ட குழந்தைக்கு ரத்த அழுத்தம் நிலையா இருந்தா, கத்தி வைக்காம கண்காணிச்சே குணப்படுத்தற வழக்கம் வந்ததுக்குப் பின்னால அந்த வேலையும் இருக்கு.

ஒண்ணை அழுத்திச் சொல்லிடறேன். மண்ணீரல் எடுத்த பெரும்பாலானவங்களுக்கு இந்த நுரையீரல் நோய் வர்றதில்லை. எடுத்தே ஆகணும்ங்கிற நிலைமையும் உண்டு. ஸ்பென்சர் வெல்ஸோட நோயாளியை மறந்துடாதீங்க. என் ரூம்மேட்டும் அப்படித்தான் பிழைச்சான். எனக்குக் கோவம் எடுத்ததுல இல்லை. "ஒண்ணும் ஆகாது"ன்னு முற்றுப்புள்ளி வெச்சதுலதான்.

போன வாரம் அவனை இழுத்துட்டுப் போனேன். "முன்னாடி ஆபரேஷன் எதாவது?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. இவன் வழக்கம்போல "அதெல்லாம் இல்லை"ன்னு ஆரம்பிச்சான். தொடையில கிள்ளினேன். "எட்டு வருஷம் முன்னாடி மண்ணீரல் எடுத்தாங்க மேடம்." எழுதிட்டிருந்த பேனா நின்னுச்சு. எக்கோ எடுத்தாங்க. அழுத்தம் நார்மல்! தொப்பையேதான் :-) ஆனா மூச்சு வாங்கறது கூடினாலோ, கால் ஒரு பக்கம் வீங்கினாலோ உடனே வரணும்னு சொல்லி அனுப்பினாங்க. தடுப்பூசியும் அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. வெளிய வந்ததும், "மண்ணீரல் இல்லை"ன்னு ஒரு சீட்டு எழுதி அவன் பர்ஸ்ல லைசென்சுக்குப் பின்னாடி சொருகி வெச்சேன்.

உங்க வீட்ல, நட்புல யாருக்காவது விபத்துலயோ ரத்த நோய்க்காகவோ மண்ணீரல் எடுத்திருந்தா ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. தடுப்பூசி போட்டாச்சா? இப்ப பார்க்கற டாக்டருக்கு அந்தப் பழைய ஆபரேஷன் தெரியுமா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். வரலாறு சொல்றது மட்டும்தான் என் வேலை, வைத்தியத்துக்கு உங்க டாக்டரைப் பாருங்க. துறை சார்ந்தவங்க யாராவது படிச்சா, தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க. திருத்திக்கறேன்.